ஒன்பதாம் நம்பரின் சுட்டுவிரல்

இராஜேஸ்வரிக்கு வாய் நீளம் என்று மஹய்யாவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருக்கட்டும், வாய் நீளமாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அவள் பொய் பேசுகிறவள் இல்லை என்பதும் அதே ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தும், "ஜப்பான் கதை ஒண்ணப் படமா எடுக்குறாங்க. அதுல வர்ற மெஷினு நாந்தான்" என்று அவள் குழாயடியில் சொன்ன அன்று ஒருத்தியும் நம்பவில்லையே!

பக்கத்து வீட்டுப் பாலம்மா நிரம்பிய குடத்தைத் தூக்காமல் நின்றுகொண்டு கேட்டாள்.

"மெஷினுன்னா? மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. நான் உள்ள இருப்பேன். தலையிலேருந்து கால் வரைக்கும் மூடியிருக்கும்."

"அப்ப அது நீதான்னு எப்புடி நம்புறது? நானுந்தான் சொல்லுவேன், பெரஹரா ஊர்வலத்துல முன்னுக்குப் போற யானைக்குள்ள இருக்கிறது நாந்தான்னு."

குழாயடியே சிரித்தது. இராஜேஸ்வரியும் சிரித்துவைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியபோது அவளுக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் இருந்தது.

"படத்துல கடைசியில பேரு போடுவாங்கல்ல, அப்பப் பாத்துக்குறேன்" என்றாள் புருஷன் செல்லச்சாமியிடம்.

"பேரு யாருக்கு வேணும்னாலும் போடலாம் புள்ள" என்றான் அவன். ஓட்டோ ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கி, உலகத்தில் யாரையும் எதையும் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தவன். "மூஞ்சி தெரியாத படத்துல நீ நடிச்சா என்ன, நான் நடிச்சா என்ன?"

இராஜேஸ்வரி மாநகர சபையில் வேலை. விடிந்ததும் வாவி ஓரத்துப் பாதையைக் கூட்டிப் பெருக்குவது அவள் பொறுப்பு. உலகத்தின் எட்டுத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த வாவியைப் படம் பிடிப்பார்கள். அவள் நடுவில் வந்துவிட்டால் கமெராவை இறக்கிக்கொண்டு, அவள் தாண்டிப் போகும்வரை காத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் வாவியைச் சுற்றி எடுத்த லட்சம் படத்தில் ஒன்றில்கூட அவள் இருக்கமாட்டாள் என்று செல்லச்சாமியே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லும்போது அந்த விரலைச் சொல்லாமல் விட முடியாது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கலியாணத்துக்கு முன்னால் ஒருநாள் விறகு பிளக்கும்போது கத்தி சறுக்கி வலது கைச் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. சோறு பிசையும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். திருநீறு எடுக்கும்போதும் அப்படித்தான். ஒருத்தியோடு சும்மா கதைத்துக்கொண்டிருப்பாள், அந்தப் பக்கமாகப் போகிற இன்னொருத்தி, "யாரப் பாத்து வெரல நீட்டுற?" என்று சண்டைக்கு வந்துவிடுவாள். மஹய்யாவையில் பாதிச் சண்டைக்கு அந்த விரல்தான் காரணம் என்பது பாலம்மாவின் கணக்கு.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். அழகர் என்று ஒருவன். மஹய்யாவையில் பிறந்தவன்தான். கலியாண வீடு, சடங்கு வீடு என்று வீடியோ பிடித்துப் பிழைப்பவன். பேராதனையில் படிக்க வந்திருந்த ஒரு ஜப்பான்காரப் பெண் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பெட்டியில் அவனுக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கிடைத்தது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் படிக்கிற புத்தகம். எழுத்து ஒன்றும் விளங்காமல் படத்தை மட்டும் பார்த்தே பைத்தியமாகிவிட்டான். பிறகு எங்கெங்கோ தேடி அதன் மொழிபெயர்ப்பைத் தொலைபேசியில் வாசித்து இன்னும் பைத்தியமானான்.

கதை இதுதான். மனிதர்கள் எல்லோரும் விட்டுப்போன ஒரு ஊர். அங்கே இடிபாடுகளைக் கூட்டி அள்ளுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு இயந்திரம், ஒன்பதாம் இலக்கம். ஆள் இல்லை, ஏவ ஒருத்தரும் இல்லை, ஆனாலும் அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. எதையும் திரும்பிப் பார்க்காது. எதன் மீதும் அதற்கு இரக்கமில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், ஏனென்று தெரியாமல், அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விழும்.

அழகர் ஜப்பானுக்கு எழுதிக் கேட்டான். எத்தனையோ தரம் கேட்ட பிறகு பதில் வந்தது. அந்தக் கதையை வரைந்தவர் ஒரு வயதான அம்மா. எடுக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனை என்று சொல்லியிருந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் இயந்திரத்திடம் மனிதச் சாயல் ஒரு துளியும் இருக்கக்கூடாது. படத்தை முடித்ததும் தனக்கு அனுப்பவேண்டும், தான் சரி என்றால்தான் வெளியே காட்டலாம்.

தமிழில் படத்துக்கு 'ஒன்பதாம் நம்பர்' என்று பெயர் வைத்தான். வைத்தானா, வந்தது வினை! மலைநாட்டில் தேயிலை மலைக்கு நம்பர்தான் பெயர். கேட்ட ஆளெல்லாம், "எந்தத் தோட்டத்து ஒம்பதாம் நம்பர் மலை தம்பி?" என்று விசாரித்தார்கள். அவனும் முதலில் விளக்கிப் பார்த்தான். பிறகு அலுத்துப்போய், "மடுல்கெல்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

இயந்திரத்துக்கு உடுப்பு வேண்டுமே. கட்டுகஸ்தோட்டையில் வாகன சீட் தைக்கும் கடை வைத்திருந்த ரபீகாதான் செய்து கொடுத்தாள். ஓட்டோ கூடாரத்து ரெக்சின், சீட்டுப் பஞ்சு, பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம், பழைய அலுமினியச் சட்டி மூடிகள், இவற்றை வெட்டி ஒட்டித் தைத்து, சாம்பல் வர்ணம் அடித்தாள். முடித்து நிறுத்தியபோது கடைக்கு சீட் தைக்க வந்த லொறிச் சாரதி ஒருவர் பயந்து வெளியே போய்விட்டார். அவ்வளவு நேர்த்தி.

உள்ளே போட ஆள் பிடித்தார்கள். உடற்பயிற்சி செய்து தோள் வளர்த்த ஒரு பையன். அவன் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தான். நடந்தவன் கீழே உட்கார்ந்தான். பிறகு கழற்றச் சொன்னான். பிறகு ஆளையே காணோம். அந்த நேரம் பார்த்து, ஓட்டோவுக்குக் கூடாரம் மாற்ற செல்லச்சாமியும் இராஜேஸ்வரியும் கடைக்கு வந்திருந்தார்கள்.

"இதுக்குள்ள நிக்க ஏலாதா ஒரு ஆம்பளப் புள்ளைக்கு?" என்றாள் அவள். "மழையில நனஞ்ச கொழுந்து மூட்டையத் தலையில போட்டுக்கிட்டு ஏறியிருக்கேன் நான். குடுங்க பாப்போம்."

விளையாட்டுக்குத்தான் போட்டாள். போட்டு, கடை வாசலில் இருந்து பாதை வரைக்கும் நடந்தாள். சரிவில் கால் வைத்துப் பழகிய நடை. ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் ஊன்றி, நிதானமாக, எங்கேயும் திரும்பாமல். அழகர் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"அக்கா, கழட்டாதீங்க! அப்புடியே நில்லுங்க!"

"மூச்சு முட்டுதுடா."

"முட்டட்டும்!"

ரபீகா அவளுடைய அளவுக்கு உடுப்பைப் பிரித்துத் தைத்தாள். கையுறையை மூன்று தரம் மாற்றிப் பார்த்தும் அந்த மடங்காத விரல் அடங்கவில்லை. "யா அல்லாஹ், இந்த வெரலுக்கு நான் என்ன செய்யிற புள்ள!" என்று கடைசியில் அதற்குத் தனியாக நேரான ஒரு கூடு வைத்துத் தைத்துவிட்டாள். இயந்திரத்தின் விரல்தானே, நீட்டிக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் இராஜேஸ்வரி மெஷின் ஆனாள். லீவு நாளெல்லாம் படப்பிடிப்புத்தான். நக்கில்ஸ் மலையடிவாரத்திலும் பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் ஆற்றங்கரையிலும் கூட்டி அள்ளினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சும்மா சொன்னால் போதாது. கமெரா தன்னை விட்டு விலகாமல் தன்னையே பின்தொடர்ந்து வருகிறதே, அந்த ஒரு விஷயத்துக்காகவே அவள் வியர்வையில் நனைந்து வெந்து கிடந்தாள்.

படத்தின் பெரிய காட்சி மடுல்கெல்லையில். அவள் பிறந்த தோட்டத்திலேயே ஒரு பழைய லயம், தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். ஆட்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தாகிவிட்டது, லயத்தை இடிக்கப் போகிறார்கள். பெக்கோ மெஷின் வந்து சுவரைத் தள்ளுகிற காலையில் ஒரே ஒரு தடவை படம் பிடித்துக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். முன்னால் ஒன்பதாம் நம்பர் நடந்து வரவேண்டும். தூரத்தில், பின்னால், சுவர் சரியவேண்டும். அது திரும்பிப் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான் காட்சி.

வழியில் போடுவதற்கு அழகர் வீட்டுச் சாமான்கள் கொண்டுவந்திருந்தான். கால் உடைந்த கதிரை, நசுங்கிய வாளி, கிழிந்த பாய். அவற்றோடு தன்னுடைய மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் கமெராவுக்குக் கிட்ட விரித்துப் போட்டிருந்தான், மடையன். ஒன்பதாம் நம்பர் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போகும் என்பது அவன் எண்ணம்.

"ஸ்டார்ட்!" என்று கத்தினான். பெக்கோ உறுமியது. இராஜேஸ்வரி நடந்தாள். தலைக்கூட்டுக்குள் இருந்து பார்த்தால் எதிரே மட்டும்தான் தெரியும், காலடி தெரியாது. கதிரையைத் தாண்டினாள். வாளி காலில் பட்டு உருண்டது. பாயை மிதித்தாள். அடுத்த எட்டில் பூட்சு முனையில் ஏதோ மெத்தென்று இடறியது. குனிந்து பார்த்தாள், புத்தகம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்லவேண்டும். கைதான் செய்தது. வலது கை கீழே போனது. புத்தகத்தைத் தொட்டது. அந்தக் கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. கண் எங்கே இருந்தது, இரண்டு அலுமினிய மூடிதானே, அந்த மூடிகளில் 'டக், டக்' என்று விரல் பட்டது. பின்னால் லயத்துச் சுவர் முழுசாகச் சரிந்து புழுதி கிளம்பியது. ஒன்பதாம் நம்பர் நிமிர்ந்து மறுபடி நடந்தது.

"கட்! கட்! ஐயோ, கட்!" அழகர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தான். "என்னக்கா செஞ்சீங்க!"

அவள் தலைக்கூட்டைக் கழற்றினாள். "கால் பட்டிருச்சு."

"மெஷினுக்கா! அது மெஷினுக்கா! அதுக்கு என்னா புத்தகம், என்னா சரஸ்வதி! மனுசச் சாயலே இருக்கக்கூடாதுன்னு அந்தம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. இனி எந்தச் சுவரத் தள்ளுறது? போச்சு, எல்லாம் போச்சு. ஒரு சொரியாவது சொல்லுங்கக்கா!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெக்கோக்காரரும் எட்டிப் பார்த்தார். அவள் பிறந்த மண், சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இராஜேஸ்வரிக்கு முகம் சிவந்துபோனது. மன்னிப்பாக ஒரு 'சொரி' சொன்னால் முடிந்திருக்கும், ஆனால் அவளிடம் அது வரவில்லை.

"எதுக்குச் சொரி? காலு பட்டா தொட்டுக் கும்பிடாமப் போறதுக்கு நான் அப்புடி வளரல. புத்தகத்த வழியில போட்டது நீ. நீ கேளு சொரி!"

அவ்வளவுதான், பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒரே வான் வண்டியில்தான் மஹய்யாவைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் பேச்சு இல்லையே தவிர அவள் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை விடுகிற ஆள் இல்லை அவள். ரபீகாதான் நடுவில் நின்று, "அவரு நடக்கச் சொல்றாரு புள்ள", "அவ நடந்துட்டாளாம்" என்று தூது பேசினாள்.

மிச்சம் இருந்தது கண்ணீர்க் காட்சி. அழகரின் அறையில் ஒரு ஞாயிறு பகலில் வைத்து அதை எடுத்தார்கள். ரபீகா ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயை உடுப்புக்குள்ளால் ஏற்றி, அலுமினியக் கண்ணுக்குக் கீழே ஓட்டை போட்டு வைத்திருந்தாள். முதல் தரம் தண்ணீர் கண்ணில் வராமல் கழுத்தில் வந்தது. அடுத்த தரம் ஒரேயடியாகக் கொட்டியது. பிறகு ஒருவழியாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தபோது, கதிரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமி சொன்னான்.

"வாஷர் போயிருச்சு தம்பி. மாத்தினா சரியாப் போயிரும்."

உள்ளே இருந்த இராஜேஸ்வரிக்கே சிரிப்பு வந்து உடுப்பு குலுங்கியது. அழகர் மட்டும் சிரிக்கவில்லை. ஜப்பானே கொண்டாடுகிற கடைசிப் பக்கம், தன் கையில் தண்ணீர்த் தாங்கி ஒழுகுவதுபோல இருக்கிறதே என்று அவனுக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கக் கணினிப் பக்கம் திரும்பி, மடுல்கெல்லைக் காட்சியைப் போட்டான். கும்பிடுகிற இடத்தை எங்கே வெட்டுவது என்று பார்க்கத்தான் போட்டான்.

திரையில் ஒன்பதாம் நம்பர் நடந்து வந்தது. கதிரை. வாளி. பாய். புத்தகத்தில் கால் இடறியது.

"ஏய், கால் பட்டிருச்சு" என்றான் செல்லச்சாமி. சொல்லிவிட்டுக் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான். "தொட்டுக் கும்பிடு... தொட்டுக் கும்பிடு..."

திரையில் அது குனிந்தது. தொட்டது. கண்ணில் ஒற்றியது. செல்லச்சாமி பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தான். உலகத்தில் யாரையும் நம்பாத மனுஷன், தன் கையும் கண்ணுக்குப் போயிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. ரபீகா குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நானா இருந்தா எடுத்து உதட்டுல வச்சு முத்தியிருப்பேன்" என்றாள் மெதுவாக.

அழகர் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தூது வைக்காமல் நேராகவே கேட்டான்.

"அக்கா, கண்ணீரத் தூக்கிப் போட்டுட்டு இதக் கடைசியில வச்சா?"

இராஜேஸ்வரி தலைக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. "அப்ப நான் செஞ்சது பிழையா இல்லையா? மொதல்ல அதச் சொல்லு."

"பிழையில்லக்கா."

"சத்தமாச் சொல்லு. இந்த மனுசனுக்கும் காது கேக்கட்டும்."

"பிழையில்ல! நான் கத்தினதுதான் பிழை. போதுமா?"

"இப்ப போதும்."

அழகர் மறைக்காமல் சொன்னான். கண்ணீர்ப் படத்தை அனுப்பினால், சிரிப்பாக இருந்தாலும் கதையில் உள்ளபடி இருக்கிறது, காட்ட விடுவார்கள். இதை அனுப்பினால் அந்த அம்மாவின் கடைசிப் பக்கத்தையே மாற்றியதாகிவிடும். முடியாது என்று ஒரு சொல் வந்தால் படம் அலுமாரிக்குள் போகவேண்டியதுதான், மஹய்யாவையில் ஒரு ஆளும் பார்க்கமாட்டார்கள். "நீங்கதான் உள்ள வெந்தது. நீங்களே சொல்லுங்கக்கா."

இராஜேஸ்வரிக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. பாலம்மாவின் யானை ஞாபகம் வந்தது. படம் வெளியே வராவிட்டால் சாகும்வரை அந்த யானைக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இருந்தாலும் அந்தச் சேலைன் குழாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இந்த ஒழுகுற குழாய வச்சுக்கிட்டு ஊர்ல நான் என்னன்னு சொல்றது? நான் செஞ்சத அனுப்பு" என்றாள். "வராட்டி வராட்டும்."

அனுப்பினார்கள். பதில் வரும்வரை அவள் வாவிக்கரையைப் பெருக்கிய பெருக்கில் கல்லே தேய்ந்திருக்கும். பதிலும் வந்தது. அனுமதி இல்லை, மறுப்பும் இல்லை, ஒரு கேள்வி: 'கடைசியில் இயந்திரம் என்ன செய்கிறது? அதற்குக் கண் வலிக்கிறதா?'

"கண்ணு வலியா!" இராஜேஸ்வரிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. "வாடா, வீடியோ எடு. நானே சொல்றேன்."

வேலை உடுப்போடு, கையில் ஈர்க்குமாற்றோடு, வாவி மதிலோரத்தில் நின்றாள். அழகர் ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்து, "அக்கா, சும்மா காலால தட்டிட்டு, தொட்டுக் கும்பிட்டுக் காட்டுங்க. அவங்களுக்கு விளங்கும்" என்றான்.

"வேணும்னு மிதிக்கச் சொல்றியா?"

"நடிப்புத்தானேக்கா..."

"ஏலாது." புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மதிலில் வைத்தாள். அப்புறம் தொலைபேசியைப் பார்த்துப் பேசினாள். "அம்மா, வணக்கம். கண்ணெல்லாம் வலிக்கல. புத்தகத்துல கால் பட்டிருச்சு, அதான். எங்க ஆளுங்க அப்புடித்தான், தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். செஞ்சு காட்டச் சொல்றான் இவன். செஞ்சு காட்ட ஏலாதும்மா. தெரியாமப் பட்டாத்தான் அது வரும். ஒம்பதாம் நம்பருக்கும் தெரியாமத்தான் வந்திச்சு. அவ்வளவுதான், வச்சிர்றேன்."

அழகர் அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினான். 'வச்சிர்றேன்' என்பதைக்கூட விடவில்லை.

இந்தமுறை பதில் எழுத்தில் வரவில்லை, படமாக வந்தது. அந்த அம்மா தன் கையாலேயே ஒன்பதாம் நம்பரை மறுபடி வரைந்திருந்தார். குனிந்து ஒரு புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஒன்பதாம் நம்பர். கீழே ஒரே வரி: 'தயவுசெய்து எல்லோருக்கும் காட்டுங்கள்.' அழகரும் இராஜேஸ்வரியும் ரபீகாவும் தொலைபேசிக்கு மேல் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முதலில் கண்டது ரபீகாதான்.

"புள்ள, வெரலப் பாரு!"

சுட்டுவிரல் நேராக, தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. நம் ஆட்கள் இப்படி ஒரு விரலை நீட்டித்தான் கும்பிடுவார்கள் போலும் என்று எண்ணி, அந்த அம்மா அதையும் பக்குவமாக வரைந்திருந்தார். இராஜேஸ்வரி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்குக் குழாய் ஒன்றும் தேவைப்படவில்லை. "ஜப்பான் வரைக்கும் போயிருச்சே என் வெரலு!" என்றாள். திருத்தச் சொல்லி எழுதவா என்று அழகர் கேட்டதற்கு, "கைய வெட்டுவேன்" என்றாள்.

படம் காட்டியது ஒரு ஞாயிறு காலையில், மஹய்யாவை மண்டபத்தில். ரபீகா கடைக் கறுப்பு ரெக்சினை யன்னல்களில் கட்டி இருட்டாக்கினாள். கதிரை போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மடுல்கெல்லையிலிருந்து ஒரு வான் நிறைய வந்திருந்தார்கள், ஒன்பதாம் நம்பர் மலை தெரியுமா என்று கேட்டுக்கொண்டே. பாலம்மா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். இராஜேஸ்வரி புதுச் சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில், செல்லச்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நம்பர் வந்தது. முதலில் சிரித்தார்கள். அந்த அலுமினிய மூடி யார் வீட்டுச் சட்டியுடையது என்று ஒருவர் சத்தமாகவே விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. ஆளில்லாத மலையை அது தனியாகக் கூட்டிக் கூட்டிப் போவதை எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதற்கு இரக்கமில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாலம்மா, "இது எவனோ தடியன்டி, பொம்பளையால இப்புடி நடக்க ஏலுமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இராஜேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசிக் காட்சி. லயம். நடை. கதிரை, வாளி, பாய். புத்தகத்தில் பூட்சு முனை இடறியது.

மண்டபம் முழுக்க ஒரு 'த்சு' சத்தம். அழகர் அதை எதிர்பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக நாக்கைச் சப்பினார்கள். மடுல்கெல்லையிலிருந்து வந்த ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். திரையில் ஒன்பதாம் நம்பர் நின்றது. குனிந்தது. பெரிய சாம்பல் கை மெதுவாகக் கீழே இறங்கித் திரையை நிறைத்தது. நான்கு விரல் மடங்கி, சுட்டுவிரல் ஒன்று மட்டும் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தொட்டது. தொட்டுக் கண்ணுக்குப் போனது. டக், டக்.

"அடியே!" பாலம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்த வெரலு! அது நம்ம ராஜேசு வெரலுடி!"

ஒரு கணம்தான். முன்வரிசை திரும்பியது. நடுவரிசை திரும்பியது. சுவரோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் சுவர் சரிந்து, புழுதி கிளம்பி, அழகர் உயிரைக் கொடுத்துப் பிடித்த காட்சி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அத்தனை முகமும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தது, அவளுடைய முகத்தை. செல்லச்சாமி அவளைப் பார்த்ததும் அப்படித்தான், ஏதோ இன்றைக்குத்தான் முதல்முறை ஓட்டோவில் ஏறிய ஆளைப் பார்ப்பதுபோல. "இவதான்" என்றான், யாரும் கேட்காமலே. "எம் பொஞ்சாதிதான்."

இராஜேஸ்வரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பெருமை தாங்காமல், வழக்கம்போல வாயைத்தான் திறந்தாள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? அங்க படம் ஓடுது, படத்தப் பாருங்க!" என்று விரலை நீட்டினாள்.

ஒருத்தரும் திரும்பவில்லை.